கரண்டி யார் கையில்?

(மதுரையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'திருச்சபையில் மாற்றம் செய்யும் தலைமை' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கென்று ஒரு கோட்பாடு இருக்கிறது. அதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1978-இல் ஜேம்ஸ் மக்கிரெகர் பர்ன்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் தலைமையை இரண்டு வகையாகப் பிரித்தார். ஒன்று கொடுக்கல் வாங்கல் தலைமை. நீ எனக்கு ஓட்டுப் போடு, உன் மகனுக்கு நான் வேலை போட்டுத் தருகிறேன் என்பது. இன்னொன்று, தலைவரும் மக்களும் சேர்ந்தே ஒரு படி மேலே ஏறுகிற தலைமை. அதற்கு அவர் காட்டிய உதாரணங்களில் காந்தியும் ஒருவர். 1985-இல் பெர்னார்ட் பாஸ் என்பவர் அதை நிறுவனங்களுக்குப் பொருத்தி எழுதினார். தலைவர் முன்மாதிரியாக இருக்க வேண்டும், ஊக்கம் தர வேண்டும், புதிதாகச் சிந்திக்கத் தூண்ட வேண்டும், ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும். போதகர் பயிலரங்குகளில் இந்த நான்கையும் திரையில் போட்டுக் காட்டுவார்கள். நான்கும் நல்லவைதான், யாரும் மறுக்கப் போவதில்லை. யாருமே மறுக்காத ஒன்றை வைத்து யாரை அளப்பது என்பதுதான் என் சங்கடம்.

மதுரைச் சீமையில் இதைவிடக் கறாரான அளவுகோல் ஒன்று நானூறு வருடமாகப் புழங்குகிறது. அது பந்தி. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார், யார் சமைத்ததை யார் உண்கிறார், யார் பரிமாறுகிறார், யார் கடைசியில் உட்காருகிறார்? இந்தக் கேள்விகளை ஒரு திருச்சபையிடம் கேளுங்கள், அதன் தலைமை எப்படிப்பட்டது என்பது தெரிந்துவிடும். இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தன் இலையை மாற்றிக்கொண்ட தலைவர்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது. அடுத்தவர் இலையை மாற்றச் சொல்லி ஆணையிட்ட தலைவர்களையும் பார்த்திருக்கிறது. இரண்டுக்கும் பலன் அரைகுறைதான். கரண்டியைப் பிறர் கையில் கொடுத்த தலைமைதான் நின்று நிலைத்த மாற்றத்தைச் செய்திருக்கிறது.

இதை நானாகக் கட்டிச் சொல்லவில்லை. புதிய ஏற்பாட்டிலேயே ஆதித் திருச்சபையின் பெரிய சண்டைகள் சாப்பாட்டு இடத்தில்தான் வெடித்தன. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முதலில் வந்து உண்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். பவுல் கடிந்து எழுதினார். அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாதவரோடு ஒன்றாக உண்டுகொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் எழுந்து தள்ளிப் போனார். பவுல் எல்லார் முன்னிலையிலும் நேருக்கு நேர் அவரைக் கண்டித்தார். மூத்த அப்போஸ்தலரைச் சபை நடுவே கண்டிக்கத் துணிந்ததற்குக் காரணம், அவர் ஒரு பந்தியிலிருந்து எழுந்தது!

இவற்றைவிட முக்கியமானது அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம். எருசலேம் சபையில் தினசரிப் பந்தி விசாரிப்பில் கிரேக்க மொழி பேசுகிற விதவைகளுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் சபையைக் கூட்டினார்கள். 'விசாரணைக் கமிட்டி போடுகிறோம், பொறுமையாக இருங்கள்' என்று சொல்லி அனுப்பவில்லை. ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றார்கள். அந்த ஏழு பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பிடமே சமையல் பொறுப்பை ஒப்படைத்துவிட்டார்கள். குறை சொல்கிறவனைச் சமாதானம் செய்வதுதான் நாம் பழகிய வழக்கம். குறை சொல்கிறவன் கையில் கரண்டியைக் கொடுப்பது ஆதிச் சபை கண்ட வழி. அப்படிக் கரண்டி பிடிக்க வந்த ஸ்தேவானே திருச்சபையின் முதல் இரத்தசாட்சி ஆனார். பிலிப்பு சமாரியாவுக்குச் சுவிசேஷம் கொண்டுபோனார்.

இந்த வெளிச்சத்தில் நம்முடைய ஊர்க் கதைக்கு வருவோம்.

1606 நவம்பரில் இராபர்ட் தெ நோபிலி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு மதுரைக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுக்கீசியக் குரு இங்கே இருந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வந்து தங்கிய பரதவக் கிறிஸ்தவர்களுக்குப் பணி செய்தார், பள்ளிக்கூடமும் மருந்தகமும் நடத்தினார். ஆனால் உள்ளூர் மக்கள் அவரை நெருங்கவில்லை. அவர்கள் கண்ணில் அவர் பரங்கி. மாட்டிறைச்சி தின்பவர், மது குடிப்பவர். நோபிலி அதைப் புரிந்துகொண்டார். அங்கியைக் களைந்து காவி உடுத்தினார். இறைச்சியை விட்டார். சோறும் காய்கறியும் பாலும் என்று உணவைக் குறைத்துக்கொண்டார். பிராமணர் சமைக்க உண்டார். தமிழும் வடமொழியும் கற்று, தத்துவ போதகர் என்று பெயர் பெற்று, தமிழ் உரைநடையில் நூல்கள் எழுதினார். பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். விவகாரம் கோவாவுக்குப் போய், ரோமாபுரிக்குப் போனது. 1623 ஜனவரி 31-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மதம் மாறியவர்கள் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் சில நிபந்தனைகளோடு தொடரலாம் என்று அனுமதி கொடுத்தார்.

ஒரு தலைவர் மக்களுக்காகத் தன் உடையையும் உணவையும் மாற்றிக்கொள்வது சின்ன விஷயமல்ல. இதே மதுரையில் 1921 செப்டம்பரில் காந்தி மேல்சட்டையைக் களைந்து அரை ஆடைக்கு மாறினார். இருவரும் உடையை மாற்றினார்கள், ஆனால் திசை வேறு. காந்தி ஏழையின் பக்கம் இறங்கினார். நோபிலி, அன்றைய சமூகத்தில் உயர்வாக எண்ணப்பட்டவர்களின் பந்தியில் இடம் தேடினார். அந்த இடம் கிடைத்தபோது விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. பெர்னாண்டஸின் கோயில் ஒன்று, நோபிலியின் கோயில் வேறொன்று. ஒரே சபைக் குருக்கள் இருவர் ஒரே ஊரில் வெளிப்படையாக ஒன்றாக உட்கார்ந்து உண்ண முடியவில்லை.

1640 முதல் பண்டாரசாமிகள் என்று இன்னொரு வகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். மற்றச் சாதியாரிடம் போக அவர்களால் முடிந்தது, பணியும் விரிந்தது. நோபிலியே தன் முறை எல்லோருக்கும் போதாது என்று உணர்ந்ததன் அடையாளமாகத்தான் நான் இதைப் பார்க்கிறேன். ஆனால் பிரிவினை கோயிலுக்குள் வேர் பிடித்துவிட்டது. 1704-இல் போப்பின் தூதராக வந்த தூர்னோன், ஒடுக்கப்பட்ட சாதி நோயாளிகளின் வீட்டுக்குள் போய்க் குருக்கள் திருவருட்சாதனம் வழங்க வேண்டும் என்று ஆணையிட நேர்ந்தது. அதுவரை போகவில்லை என்பதுதானே அதன் பொருள்? திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில், இரண்டு பக்கமாகச் சாதி பிரிந்து நிற்கும்படியே கோயில் கட்டி நடுவில் சுவரும் வைத்தார்கள். 1910-இல் கௌசானல் சுவாமி அந்தச் சுவரை இடித்தார். இடித்ததை எதிர்த்து வழக்குப் போட்டவர்களும் கிறிஸ்தவர்களே.

நோபிலியைக் குறை சொல்லிக் கைதட்டு வாங்குவது என் நோக்கமல்ல. தமிழைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய அந்தத் தியாகத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் தலைவர் தன்னை மாற்றிக்கொள்வதால் மட்டும் பந்தி மாறிவிடாது என்பதற்கு அவர் கதையே சாட்சி.

இனி நேர் எதிர்த் திசைக்கு வாருங்கள். 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்கன் மிஷனரிகள் மதுரைக்கு வந்தார்கள். பள்ளிக்கூடங்கள் திறந்தார்கள். 1842-இல் திருமங்கலத்தில் வில்லியம் டிரேசி தொடங்கிய செமினரி 1845-இல் பசுமலைக்கு மாறியது. உபதேசியார்கள், ஆசிரியர்கள் என்று ஒரு படையே உருவாயிற்று. ஆனால் அவர்களுக்குள் சாதி அப்படியே இருந்தது. 1847-இல் மிஷன் ஒரு முடிவெடுத்தது: சபையில் இருக்க விரும்புகிறவர்கள் சாதியை விட்டதற்கு அடையாளமாக, யார் சமைத்தாலும் எல்லாரோடும் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும், மறுப்பவருக்கு இடமில்லை. அன்பின் விருந்து என்று அதற்குப் பெயர்.

அந்த விருந்தைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். மிஷன் வளாகம். வேதத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய உபதேசியார். ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிதர். முன்னால் சாப்பாடு வைக்கப்பட்டிருக்கிறது. அதை உண்டால் வீட்டில் மனைவி அடுப்பங்கரைக்குள் விடுவாளா, மகளுக்கு மாப்பிள்ளை அமையுமா என்று அவருக்குத் தெரியாது. உண்ணாவிட்டால் சபை இல்லை, வேலை இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. பலர் எழுந்து போய்விட்டார்கள். பசுமலை செமினரியில் ஆள் குறைந்தது. வருடக் கணக்கில் வளர்த்த ஊழியர்களை மிஷன் இழந்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை. 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாட்டில் பெரும்பாலான புராட்டஸ்டண்டு மிஷன்கள் இதே நிலைக்கு வந்தன.

கொள்கை சரியானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாதியோடு சமரசம் செய்துகொள்வதைவிட ஆளை இழப்பது மேல் என்று ஒரு சபை முடிவெடுத்ததை நான் வணங்குகிறேன். கேள்வி முறையைப் பற்றியது. சம்பளம் கொடுக்கிற கை, இலையையும் போட்டு, 'உண்' என்று சொன்னது. உண்டவர்களில் மனம் மாறி உண்டவர் எத்தனை பேர், மாதச் சம்பளத்துக்காக உண்டவர் எத்தனை பேர் என்று யார் சொல்வது? பர்ன்ஸின் கணக்கில் பார்த்தால் இது உயர்ந்த நோக்கத்துக்காக நடந்த ஒரு கொடுக்கல் வாங்கல்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்த மிஷனை அனுப்பிய அமெரிக்கன் போர்டு, தன் நாட்டில் செரோக்கி, சோக்டா பழங்குடி மக்களிடையே நடந்த சபைகளில் அடிமை வைத்திருப்பவர்களைச் சபையிலிருந்து நீக்க 1845-இல் மறுத்தது. அதில் வெறுத்துப்போனவர்கள் 1846-இல் தனியாக ஒரு மிஷனரி சங்கமே தொடங்கினார்கள். அதற்கு அடுத்த வருடம்தான் மதுரையில் இந்தப் பந்தி. இங்கே வந்த மிஷனரிகள் தனிப்பட்ட முறையில் அடிமைமுறையை வெறுத்தவர்களாகவே இருக்கலாம். ஆனால் அடுத்தவன் வீட்டுப் பந்தியைத் திருத்துவது எளிது, தன் வீட்டுப் பந்தியைத் தொடுவது கடினம் என்பது எல்லா நாட்டுத் தலைமைக்கும் பொருந்தும்.

பந்தியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அடுப்பங்கரையைப் பற்றிப் பேசாமல் போனால் அது அநியாயம். நம் கிராமச் சபைகளில் 'கைப்பிடி அரிசி' என்று ஒரு காணிக்கை உண்டு. பெரியவர்களுக்குத் தெரியும். உலை வைக்கும்போது அம்மா அரிசியை அளந்து போடுவாள். அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனியாக ஒரு கலயத்தில் போட்டு வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுவருவாள். சில வீடுகளில் அன்றைக்கு எல்லாருக்குமே போதுகிற அரிசி இருந்திருக்காது, ஆனாலும் கைப்பிடி குறையாது. கமிட்டிப் பதிவேட்டில் அந்த அம்மாவின் பெயர் வராது, நன்றியறிவிப்பில் வாசிக்க மாட்டார்கள். ஒரு பைசா வெளிநாட்டுப் பணம் இல்லாமல் ஊழியத்தைத் தாங்கிய கைகள் அவை.

மதுரையில் 1892-இல் ஈவா ஸ்விஃப்ட் அம்மையார், வேதாகமப் பெண்களுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். லூசி பெரி நோபுள் பள்ளி என்று அது பெயர் பெற்றது. அங்கே பயின்ற பெண்கள் தெருத் தெருவாக நடந்து, ஆண் போதகர் நுழைய முடியாத வீடுகளின் உள்முற்றம்வரை போய், பெண்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக் கொடுத்தார்கள். 1948-இல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். ஆனால் தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பெண் குருவாக அபிஷேகம் பெற 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு பெண் பேராயராக, புஷ்பலலிதா அம்மையார் நந்தியாலில் பொறுப்பேற்றது 2013-இல். அரிசி கொடுத்தவர்களுக்குக் கரண்டி வந்து சேர எவ்வளவு காலம் பிடித்திருக்கிறது, பாருங்கள்.

அடுத்த கட்டம் 1947. செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் பல புராட்டஸ்டண்டு சபைகள் ஒன்றிணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஒன்றிப்புப் பேச்சு இருபத்தெட்டு வருடம் கழித்துப் பலித்தது. அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவர்களில் முன்னணியில் நின்றவர், நம் தென்பாண்டிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா. 1912-இல் தோர்ணக்கல்லில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். பாதையை வெட்டிய அவர் ஒன்றிப்பைக் காணாமல் 1945-இல் காலமானார்.

மதுரைப் பகுதிச் சபைகளுக்கு ஒரு விசித்திரமான நிலைமை. அமெரிக்கன் மிஷன் வழிவந்த சபைகள் அவை. பேராயர் என்ற பதவியே அவர்கள் மரபில் கிடையாது. அவர்களுக்கு முதல் பேராயராக வந்தவர் லெஸ்லி நியூபிகின். அவரும் பேராயர் இல்லாத ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் மரபுக்காரர். வயது 37. பேராயர் என்றால் என்ன என்று சபைக்கும் தெரியாது, அவருக்கும் முன் அனுபவம் கிடையாது. இரு தரப்பும் சேர்ந்துதான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இது ஒருவகையில் வரம் என்றே நினைக்கிறேன்.

மதுரையிலிருந்து இராமநாதபுரம் வரை விரிந்த வறண்ட சமவெளி. அதில் நூற்றுக்கணக்கான சிறு கிராமச் சபைகள். குருவானவர்கள் கொஞ்சம் பேர். ஒருவருக்கே பல பத்து ஊர்கள். நியூபிகின் ஊர் ஊராகப் போனார். மாலையும் மேளமுமாக வரவேற்பார்கள். பிறகு தரையில் உட்கார்ந்து பேச்சு நடக்கும். அந்தப் பயணங்களைப் பற்றி அவர் எழுதிய நாட்குறிப்பு 1951-இல் நூலாக வந்தது. அந்தப் பயணங்களில் அவர் கண்டுகொண்ட ஒன்று அவருடைய பிற்கால எழுத்து முழுக்க எதிரொலித்தது. சம்பள ஊழியர் போய்ச் சேராத ஊர்களில், படிப்பறிவு குறைந்த கூலிக்காரர்கள் தாங்களாகவே பக்கத்து ஊருக்குச் செய்தியைக் கொண்டுபோயிருந்தார்கள். குருவானவர் போய்ப் பார்க்கும்போது அங்கே சபை காத்திருந்தது. பணம் வருகிற இடத்திலிருந்து ஆள் அனுப்பி நடத்துகிற முறை சபையை வளரவிடாது. ஊர்க்காரரிடமே பொறுப்பைக் கொடுக்க வேண்டும், பயிற்சி அதற்குத் துணையாக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். ரோலண்ட் ஆலன் என்ற ஆங்கில மிஷனரி 1912-லேயே இதை எழுதியிருந்தார். கேட்க ஆள் இல்லை. நியூபிகின் அதை வைகைக் கரையில் கண்ணால் பார்த்தார். 1959-இல் அவர் உலக அளவிலான பொறுப்புக்குப் போனபோது மதுரைக்கு இந்தியப் பேராயராக ஜார்ஜ் தேவதாஸ் வந்தார்.

கரண்டி கைமாறத் தொடங்கியது. ஆனால் சமையல் முறை? பாட்டு, பிரசங்கம், வழிபாட்டு ஒழுங்கு எல்லாம் யாருடையவை? இந்தக் கேள்வியை அரசரடியில் கேட்டார்கள்.

1969-இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தொடங்கியது. தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து நடத்துவது. தமிழிலேயே இறையியல் படிக்கலாம். சாமுவேல் அமிர்தம் போன்றவர்கள் முதல்வர்களாக இருந்த காலத்தில் அங்கே ஒரு துணிச்சலான ஏற்பாடு வந்தது. போதகராகப் போகிற மாணவர்கள் விடுதியைவிட்டு வெளியேறி, நகரத்தின் குடிசைப் பகுதிகளில் வாடகைக்கு வீடு பிடித்து, அங்குள்ள மக்களோடு தண்ணீர்க் குழாயில் வரிசையில் நின்று, வாழ்ந்து படிக்க வேண்டும். அரசரடியிலும் ஆரப்பாளையத்திலும் ஒரு குடம் தண்ணீருக்கு என்ன பாடு என்று தெரிந்தவனுக்குப் பிரசங்க மேடையில் வேறு மொழி வரும். அதே வளாகத்தில் தலித் ஆதார மையம் உருவாயிற்று. பறை கோயிலுக்குள் வந்தது.

அந்தப் பறையோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பெயர் தியோபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்றால் பலருக்கும் உடனே தெரியும். 1940-இல் பிறந்து 2005-இல் மறைந்தவர். அரசரடியில் ஆசிரியர், இசைக்காரர், குறும்புக்காரர். நம் சபைகளில் நெடுங்காலமாகக் கர்நாடக இராகக் கீர்த்தனைகளுக்கும் மேல்நாட்டுப் பாமாலைகளுக்கும்தான் மதிப்பு. நாட்டுப்புற மெட்டு என்றால் வயற்காட்டோடு சரி. அப்பாவு அந்த மெட்டிலேயே ஒரு முழு வழிபாட்டு முறையை உருவாக்கினார். நடவுப் பாட்டு பாடத் தெரிந்த ஒரு பாட்டி முதன்முறையாகப் பாடகர் குழுவைவிட நன்றாகப் பாடினாள்! இதற்கு அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். நாட்டுப்புறப் பாட்டை யார் வேண்டுமானாலும் எடுத்து, தன் ஊருக்கும் தன் வலிக்கும் ஏற்ப மாற்றிப் பாடலாம். தான் கட்டிய பாட்டையே மக்கள் மாற்றிவிட்டால் அவர் கோபப்படவில்லை, மகிழ்ந்தார். எத்தனை தலைவர்களுக்கு இந்த மனம் வரும்? நாம் எழுதிய சுற்றறிக்கையில் ஒரு கால்புள்ளியை மாற்றினால் நமக்கு முகம் சுருங்கிவிடுகிறது.

அவருடைய இறையியலின் நடுவில் இருந்தது 'ஒரு உலை' என்ற எண்ணம். எல்லா வீட்டு அரிசியும் ஒரே பானையில் கொதிக்க வேண்டும், எல்லாரும் அதிலிருந்து உண்ண வேண்டும். திருவிருந்தை அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். அமெரிக்க இசையியலாளர் ஜோயி ஷெரினியன் 2014-இல் அவரைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

இப்போது மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1606-இல் தலைவர் வேறு பந்திக்குப் போய் உட்கார்ந்தார். 1847-இல் தலைவர் பந்தி போட்டு உட்காரச் சொன்னார். அப்பாவு, உங்கள் அரிசியைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து உலை வைப்போம் என்றார். முதல் இரண்டிலும் மக்கள் விருந்தாளிகள். மூன்றாவதில் மக்கள் வீட்டுக்காரர்கள். தலைமை மாற்றம் செய்கிறதா என்று அளக்க எனக்குத் தெரிந்த கோல் இந்த வித்தியாசம்தான்.

சரி, இன்றைக்கு நாம் எங்கே இருக்கிறோம்?

பல கிராமச் சபைகளில் பண்டிகையை ஒட்டி அசனம் நடக்கும். முந்தின இரவே கோயில் பின்புறம் அடுப்பு வெட்டி, விறகு அடுக்கி, வாடகை அண்டாக்களை இறக்கிவிடுவார்கள். விடிய விடிய வெங்காயம் உரிப்பார்கள். ஆராதனை முடிந்ததும் குருவானவர் ஜெபித்துவிட்டு வருவார். பாய் விரித்து, இலை போட்டு, சோறும் கறிக்குழம்பும் கத்தரிக்காய்க் கூட்டும் பரிமாறுவார்கள். பிற மதத்து அண்டை வீட்டார் வந்து உட்காருவார்கள். மதுரைப் பக்கத்துக் கிறிஸ்தவத்தின் அழகான முகம் அது. ஆனால் கொஞ்சம் நின்று பாருங்கள். முதல் பந்தியில் கமிட்டிக்காரர்களும் விருந்தினரும். விடிய விடிய வெங்காயம் உரித்த பெண்கள் கடைசிப் பந்தி. அண்டாவைக் கழுவுகிற குடும்பம் எது, அது ஏன் எப்போதும் அதே தெருவிலிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள். நம் தலைமைக்கு அது கேலியாக இல்லாமல் வர்ணனையாக இருப்பதுதான் வருத்தம்.

திருமண்டலத் தேர்தல்கள் எப்படி நடக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அணி, எதிர் அணி, சுவரொட்டி, சாதிக் கணக்கு, பள்ளிக்கூட வேலை நியமனம், சொத்து, கடைசியில் நீதிமன்றம். பர்ன்ஸ் சொன்ன கொடுக்கல் வாங்கல் தலைமைக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. கிறிஸ்தவர்களான தலித்துகளுக்கு 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை மறுக்கிறது. அதை எதிர்த்து நாம் வீதிக்கு வருகிறோம். வர வேண்டியதுதான், அது நியாயமான கோரிக்கை. ஆனால் கல்லறைத் தோட்டத்தில் தனித்தனி வரிசை வைத்துக்கொண்டு, அரசு அலுவலகத்தின் முன் மட்டும் ஒன்றாக நின்றால் யார் நம்புவார்கள்?

'நல்ல தலைவர் ஒருவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நோபிலியைவிடத் தியாகியை, 1847 மிஷனரிகளைவிட உறுதியானவர்களை எங்கே தேடுவது? அவர்களாலேயே முடியாததை ஒரு தனிமனிதரின் நற்குணம் செய்துவிடாது. ஆளைத் தேடுவதை விட்டுவிட்டு ஏற்பாட்டை மாற்ற வேண்டும். நான்கு யோசனைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, சேகரக் கமிட்டியில், அதாவது சில சபைகள் சேர்ந்த பகுதியின் நிர்வாகக் குழுவில், குறை சொல்கிறவர்களுக்கு இடம். எந்தத் தெருக்காரர்கள், எந்தக் கிளைச் சபைக்காரர்கள் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று சொல்கிறார்களோ, அவர்களிடமே அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். எருசலேம் சபையில் பலித்தது இங்கேயும் பலிக்கும்.

இரண்டாவது, கணக்கு. மாதத்துக்கு ஒருமுறை ஆராதனை முடிந்ததும் வரவு செலவைச் சபை நடுவே, எல்லாருக்கும் புரிகிற தமிழில் வாசியுங்கள். கைப்பிடி அரிசி கொண்டுவந்த அம்மா எழுந்து, 'இது எதற்குச் செலவாயிற்று ஐயா?' என்று கேட்கட்டும். கேட்கிற உரிமை இல்லாத இடத்தில் கொடுக்கிற கை நாளாவட்டத்தில் சுருங்கும்.

மூன்றாவது, இடமாற்றம். பட்டணத்துப் பெரிய கோயில்கள் சிலருக்கே என்றும், வறண்ட காட்டுச் சபைகள் வேறு சிலருக்கே என்றும் இருக்கக் கூடாது. சுழற்சி ஒழுங்கு எழுத்தில் இருக்கட்டும், சிபாரிசுக்கு வளையாததாக இருக்கட்டும். கிராமத்துத் தலித் போதகர் பட்டணத்துப் பீடத்திலிருந்து திருவிருந்து பரிமாறும்போது பிரசங்கமே தேவையில்லை.

நான்காவது, தலைவர்களை அளக்கும் முறை. ஒரு குருவானவர் மாறிப்போகும்போது எத்தனை கட்டடம் கட்டினார் என்று பிரிவுபசாரத்தில் பட்டியல் வாசிக்கிறோம். அதற்குப் பதிலாக, அவர் வந்தபோது வாய் திறக்காமல் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்று சபையை நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். அவர் இல்லாத வாரத்தில் ஆராதனை நடக்கிறதா, நோயாளியைப் பார்க்க ஆள் போகிறதா, சண்டை தீர்க்கப்படுகிறதா என்று பாருங்கள். எல்லாம் நின்றுபோகிறது என்றால், அவர் நல்ல ஊழியராக இருந்திருக்கலாம், மாற்றம் செய்த தலைவர் என்று சொல்ல முடியாது.

இந்த நான்கில் எதற்கும் பெரிய நிதி வேண்டாம், வெளியூர்ப் பயிற்சியாளர் வேண்டாம், சினாட் என்ற தலைமை மன்றத்தின் அனுமதிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். ஒரு சேகரத்தில் ஒரு கமிட்டி நினைத்தால் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடலாம். எதிர்ப்பு வரும். முதல் பந்தியில் உட்கார்ந்து பழகியவர்களிடமிருந்துதான் வரும். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் தலைவர் வேண்டும், வேறெதற்கும் அல்ல.